எண்பது நிமிஷ மூச்சு

ட்ரம்பெட் வாசிப்பவர் வாத்தியத்தை உதட்டருகே கொண்டுபோனார். எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை!

கண்டக்டர் கோலைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்த்தார். (விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தும் கண்டக்டர் இல்லை. எதிரே நின்று, கையில் சின்னக் குச்சியோடு மொத்த வாத்தியக் குழுவையும் ஆட்டிவைப்பாரே, அவர்.) ட்ரம்பெட்காரர் தலைகுனிந்தபடி சொன்ன பதில் இதுதான்: ஊதுவதற்கு நுரையீரலில் தெம்பு இல்லை.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்குமே அதே நிலைமைதான். ஒத்திகை இருபது நிமிஷத்துக்குள் முடிந்துபோனது. அதற்குமேல் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

1942, மார்ச் மாசக் கடைசி. இடம், ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் (இன்றைக்கு மறுபடியும் பழைய பெயருக்கே திரும்பி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). அந்த அறையில் வாசிக்க வந்தவர்கள் சுமார் பதினைந்து பேர். அவர்கள் வாசித்தாக வேண்டிய சிம்பொனிக்குத் தேவை, நூறு பேர். அதன் நீளம், கிட்டத்தட்ட எண்பது நிமிஷம்!

'சாப்பாட்டுக்கே வழியில்லையாம், சிம்பொனி ஒரு கேடா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

டிமிட்ரி ஷோஸ்டகோவிச். 1906-ல் அதே ஊரில் பிறந்தவர். ஒல்லி உடம்பு, கனத்த கண்ணாடி, எந்நேரமும் ஒரு படபடப்பு. பதின்ம வயசில் எழுதி முடித்த முதல் சிம்பொனி 1926-ல் லெனின்கிராடில் அரங்கேறியது. ஒரே ராத்திரியில் பெயர் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு சாகும்வரை எழுதிய சிம்பொனிகள் மொத்தம் பதினைந்து. பதினைந்தில் பாதிக்கு மேல் ஏதாவதொரு ஆபத்தில் மாட்டி மீண்டவை என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

காரணம், அவருக்கு வாய்த்த ஒரு ரசிகர். பெயர், ஸ்டாலின்!

1936 ஜனவரியில் மாஸ்கோவில் ஷோஸ்டகோவிச்சின் 'லேடி மக்பெத்' ஆப்பராவைப் பார்க்க வந்தார் ஸ்டாலின். முடியும்வரை உட்காரவில்லை, எழுந்து போய்விட்டார். இரண்டே நாளில் கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா'வில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. இது சங்கீதமே இல்லை, வெறும் குழப்படி என்று கிழித்துவிட்டு, இந்த விளையாட்டு மோசமாக முடியக்கூடும் என்றும் ஒரு வரி. அந்த வருஷங்களில் ரஷ்யாவில் 'மோசமாக முடிவது' என்றால் என்ன அர்த்தம் என்று பால் வாங்கப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ராத்திரி கதவு தட்டப்படும். அத்தோடு ஆள் இல்லை. ஷோஸ்டகோவிச்சுக்கு ஆதரவாக இருந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கியையே 1937 ஜூனில் சுட்டுக் கொன்றார்கள். தளபதிக்கே அந்தக் கதி!

நான்காவது சிம்பொனி ஒத்திகையில் இருந்தது. ஷோஸ்டகோவிச் அதை அப்படியே வாபஸ் வாங்கிக்கொண்டார். ஜனங்கள் அதைக் கேட்டது எப்போது தெரியுமா? 1961-ல்! கால் நூற்றாண்டு டிராயரில் கிடந்தது. 1937 நவம்பரில் ஐந்தாவது சிம்பொனி. அதன் மெதுவான மூன்றாம் பகுதியில், கூட்டத்தில் பலர் வெளிப்படையாக அழுதார்கள். முடிந்ததும் கைதட்டல் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சொந்தக்காரர்களைப் பறிகொடுத்துவிட்டு, வாய்விட்டு அழக்கூட அனுமதி இல்லாத ஊர் அது. இருட்டில், ஒரு சங்கீதத்தின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டார்கள். ஆனால், கடைசிப் பகுதி ஓஹோவென்று வெற்றி முழக்கத்தோடு முடிந்ததால் கட்சிக்கும் திருப்தி! ஷோஸ்டகோவிச் தப்பித்தார். ஒரே சங்கீதத்தில் அரசாங்கம் ஒன்றைக் கேட்டது, ஜனங்கள் இன்னொன்றைக் கேட்டார்கள். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

1941 ஜூன் 22. ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் புகுந்தது. செப்டம்பர் 8-ம் தேதி லெனின்கிராடுக்கான கடைசித் தரைவழியும் அடைபட்டது. கிட்டத்தட்ட இருபத்தைந்து லட்சம் பேர் உள்ளே! ஹிட்லரின் திட்டம் ஊரைப் பிடிப்பதுகூட இல்லை. பிடித்தால் அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டுமே! சரணடைய வந்தாலும் ஏற்கக் கூடாது, பட்டினி போட்டே ஊரைத் துடைத்துவிட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு இருந்தது.

ஷோஸ்டகோவிச் ராணுவத்தில் சேரப் போனார். அவருடைய கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சரி என்று, தான் பாடம் நடத்திய சங்கீதக் கல்லூரியின் மொட்டைமாடியில் தீயணைப்புக் காவலில் நின்றார். தலையில் இரும்புத் தொப்பியோடு அவர் இருக்கும் படம் பிற்பாடு அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை அட்டைக்கே போனது. (நிஜத்தில் எத்தனை குண்டை அணைத்தாரோ, போட்டோகிராபருக்குத்தான் வெளிச்சம்! நண்பர்கள் அவரை ஆபத்துக்குப் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.) வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஏழாவது சிம்பொனி. செப்டம்பரில் ரேடியோவில் பேசும்போது, 'இரண்டு பகுதி எழுதி முடித்துவிட்டேன்' என்று ஊருக்கே சொன்னார். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், நம்மாள் ஒருவன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்ற செய்தியே ஜனங்களுக்குத் தெம்பாக இருந்தது.

அக்டோபர் ஆரம்பத்தில் அவரையும் மனைவி, இரண்டு குழந்தைகளையும் அரசாங்கம் விமானத்தில் வெளியே கொண்டுபோனது. குய்பிஷெவ் என்ற ஊரில் டிசம்பர் 27-ம் தேதி சிம்பொனியை முடித்தார். 1942 மார்ச் 5 அன்று அங்கேயே அரங்கேற்றம். இசைக்குறிப்பை மைக்ரோஃபிலிமில் சுருட்டி விமானத்தில் டெஹ்ரானுக்கு, அங்கிருந்து கெய்ரோவுக்கு, அதற்கப்புறம் அமெரிக்காவுக்கு... ஏதோ அணுகுண்டு ரகசியம் மாதிரி அனுப்பினார்கள். ஜூலையில் நியூயார்க்கில் டாஸ்கனினி நடத்த, ரேடியோவில் லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்திருந்த மேதை பார்டோக், ரேடியோவில் இதைக் கேட்டு எரிச்சலாகி, 1943-ல் தான் எழுதிய ஒரு படைப்பில் இந்த மெட்டை நக்கலடித்தே வைத்தார்!

எந்த மெட்டை? முதல் பகுதி நடுவில் ஒரு சின்ன டிரம், காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு, தடதடவென்று ஆரம்பிக்கிறது. கூடவே ஒரு சாதாரண மெட்டு. தெருவில் விசிலடித்துக்கொண்டு போகலாம், அப்படி ஒரு அசட்டு மெட்டு. அதே மெட்டு திரும்பத் திரும்ப... பன்னிரண்டு தடவை! ஒவ்வொரு தடவையும் வாத்தியங்கள் கூடுகின்றன, சத்தம் ஏறுகிறது. டிரம் நிற்பதே இல்லை. முதலில் சிரிப்பு வருகிறது. ஐந்தாவது தடவை சலிப்பு. எட்டாவது தடவை வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு கோரம். இந்த மெட்டின் ஒரு துண்டு, ஹிட்லருக்கு ரொம்பப் பிடித்த 'மெர்ரி விடோ' ஆப்பரெட்டாவில் வரும் பாட்டை நினைவுபடுத்தும்! வேண்டுமென்றே செய்த குறும்பாகத்தான் இருக்க வேண்டும்.

உலகமெல்லாம் வாசித்தாகிவிட்டது. சிம்பொனி யாருக்காக என்று சொல்லப்பட்டதோ, அந்த லெனின்கிராட் மட்டும் பாக்கி.

அந்தக் குளிர்காலத்தில் அங்கே நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, உழைப்பாளி அல்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பிரெட். அவ்வளவுதான். அதிலும் மாவு பாதி. மிச்சம் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும். ஈரமாக, கனமாக இருக்குமாம். தராசில் வைத்தால் ஒரு கைக்குள் அடங்கும். வெளியே மைனஸ் முப்பது டிகிரி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, கரண்ட் கிடையாது. நாய், பூனை எல்லாம் மறைந்தன. வால்பேப்பரின் பின்னால் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக் கஞ்சி வைத்தார்கள். பெல்ட்டை வேகவைத்தார்கள். செத்தவர்களைக் குழந்தைகளின் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப்போனார்கள். முற்றுகை முடிவதற்குள் உள்ளே இறந்தவர்கள் ஏழெட்டு லட்சத்துக்குக் குறையாது. பத்து லட்சம் என்பவர்களும் உண்டு.

அந்த ஊரில் நிற்காமல் ஓடிய ஒன்று, ரேடியோ. தெருவெங்கும் ஒலிபெருக்கி. நிகழ்ச்சி எதுவும் இல்லாதபோது மெட்ரோனோம் சத்தத்தை ஒலிபரப்புவார்கள். பாட்டு வகுப்பில் தாளம் தப்பாமல் இருக்க 'டிக்... டிக்...' என்று அடிக்குமே, அந்தக் கருவி. மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை. வேகமாக அடித்தால் விமானம் வருகிறது, ஓடு! ஊருக்கு இன்னும் நாடித்துடிப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நகரத்தின் பெருமைமிக்க பில்ஹார்மோனிக் குழுவை முன்பே பத்திரமாக சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது இரண்டாம் நிலையில் இருந்த ரேடியோ வாத்தியக் குழு. அதன் கண்டக்டர் கார்ல் எலியாஸ்பெர்க். மூக்குக் கண்ணாடி, விறைப்பு, கண்டிப்பு. டிசம்பரில் ஒத்திகையே நின்றுவிட்டது. இன்னார் இறந்தார், இன்னாருக்கு உடம்பு சரியில்லை, வேலை நடக்கவில்லை என்ற ரீதியில் போகிறது குழுவின் குறிப்பேடு. எலியாஸ்பெர்க்கே பட்டினியில் படுத்துவிட்டார். பனிச்சறுக்கு வண்டியில் வைத்து அவரை இழுத்துக்கொண்டு போய், அஸ்டோரியா ஹோட்டலில் திறந்திருந்த தற்காலிக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த அஸ்டோரியாவையும் ஞாபகத்தில் வையுங்கள்.

வசந்தம் வந்தபோது, ஊரின் மனசைத் தூக்கி நிறுத்த ஏழாவது சிம்பொனியை வாசித்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முதலில் ஆளைத் தேட வேண்டுமே! 'வாத்தியக்காரர்கள் ரேடியோ நிலையத்துக்கு வரவும்' என்று அறிவிப்பு செய்தார்கள். வந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு, ஒருத்தர் தோளை ஒருத்தர் பற்றிக்கொண்டு. வராதவர்களை வீடு வீடாகப் போய்த் தேடினார் எலியாஸ்பெர்க். டிரம் வாசிக்கும் ஐதாரோவ் இறந்துவிட்டதாகப் பட்டியலில் இருந்தது. பிணவறைக்குப் போய்ப் பார்த்தவர், அந்த 'பிணத்தின்' விரல் அசைவதைக் கண்டு அலறிக்கொண்டு தூக்கிவந்ததாக ஒரு கதை உண்டு. சற்று சினிமாத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால், பிற்பாடு சிம்பொனியில் அந்தச் சின்ன டிரம்மை நிற்காமல் அடித்தவர் அதே ஐதாரோவ்தான்.

ஓபோ வாசிக்கும் க்ஸேனியா மத்தூஸ் என்ற பெண்மணியின் கதை எனக்கு மறக்கவே மறக்காது. ஓபோ, நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம்; அதற்கும் சீவாளி உண்டு. அவருடைய வாத்தியம் குளிரில் கெட்டு, பச்சை பூத்துப்போயிருந்தது. ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். கூலி என்ன என்று கேட்டார். 'பணம் வேண்டாம்மா, ஒரு பூனை கொண்டு வா' என்றாராம் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை!

முதல் ஒத்திகைதான் நாம் ஆரம்பத்தில் பார்த்தது. குழுவுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் உணவு தர ஏற்பாடானது. ஏப்ரல் 5-ம் தேதி சின்னச் சின்னப் படைப்புகளோடு ஒரு கச்சேரி. கோடையின் நடுவில், முற்றுகைக்கு மேலாகப் பறந்துவந்த ஒரு விமானம் மருந்தோடு நான்கு கனத்த நோட்டுகளையும் இறக்கியது. ஏழாவது சிம்பொனி! எலியாஸ்பெர்க் திறந்து பார்த்தார். ஹார்ன் எட்டு, ட்ரம்பெட் ஆறு, டிராம்போன் ஆறு... அத்தனையும் நுரையீரலை உறிஞ்சுகிற வாத்தியங்கள்! ஊர் முழுக்கத் தேடினாலும் ஊதுவதற்கு ஆளில்லை. கடைசியில் போர்முனைக்குச் சொல்லியனுப்பி, ராணுவ பேண்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பதுங்குகுழியிலிருந்து எழுந்து வந்து, துப்பாக்கியை வைத்துவிட்டு, டிராம்போனை எடுத்தார்கள்.

இசைக்குறிப்பை ஆளாளுக்குக் கையாலேயே பிரதி எடுத்தார்கள். ஒத்திகை நடுவில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. எலியாஸ்பெர்க் இரக்கம் காட்டவில்லை. தாமதமாக வந்தால், சரியாக வாசிக்காவிட்டால், கூடுதல் ரொட்டி கட்! மனைவியைப் புதைத்துவிட்டு வந்ததால் நேரமாகிவிட்டது என்றவரையும் அவர் விடவில்லை என்று சொல்கிறார்கள். கல்நெஞ்சக்காரர் என்று திட்டத் தோன்றுகிறது. ஆனால், அந்தக் குழுவில் உயிர் பிழைத்த சிலர் பின்னாளில் வேறு மாதிரி சொன்னார்கள். நேரத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒருவர் உலுக்கிக்கொண்டே இருந்ததால்தான், படுக்கையிலேயே கிடந்து செத்துப்போகாமல் தினமும் எழுந்தார்களாம். எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது.

முழு சிம்பொனியையும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒத்திகையில் ஒரே ஒரு முறைதான் வாசிக்க முடிந்தது. அதுவும் கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால்.

1942, ஆகஸ்ட் 9. இந்தத் தேதிக்கு ஒரு கதை சொல்வார்கள். லெனின்கிராடைப் பிடித்துவிட்டு அன்றைக்கு அஸ்டோரியா ஹோட்டலில் விருந்து என்று ஹிட்லர் அழைப்பிதழே அச்சடித்துவிட்டாராம். கேட்க ஜோராக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரையே பட்டினி போட்டு அழிக்க நினைத்தவர் அங்கே எதற்கு டின்னருக்கு டேபிள் போடுகிறார்? அதைவிட எனக்கு நிஜமாகப் படுவது, அந்த அஸ்டோரியாவில் படுத்துக்கிடந்த ஒரு நோயாளி எழுந்து வந்து கோலைப் பிடித்தார் என்பதுதான்.

பில்ஹார்மோனியா அரங்கில் சரவிளக்குகள் எரிந்தன. ஜனங்கள் இருந்ததிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. எலியாஸ்பெர்க்கின் கோட்டும் அப்படியே. ஆகஸ்ட் மாசத்திலும் வாத்தியக்காரர்கள் கம்பளி போட்டிருந்தார்கள். உடம்பில் சதை இல்லாதவனுக்குக் கோடையும் குளிர்தான்.

சரி, ஜெர்மன் பீரங்கிகள் சும்மா இருக்குமா? விளக்கெரியும் அரங்கில் ஊரே கூடினால், ஒரு குண்டு போதுமே! லெனின்கிராட் முனையின் தளபதி ஜெனரல் கோவரோவ் அதற்கும் ஒரு 'ஒத்திகை' பார்த்திருந்தார். கச்சேரி தொடங்குவதற்கு முன்பாகவே ஜெர்மன் பீரங்கி நிலைகள்மீது மூவாயிரம் குண்டுகள்வரை பொழிந்து, அவர்களைத் தலைதூக்க விடாமல் செய்தார்கள். அந்த எண்பது நிமிஷமும் அரங்கின் பக்கம் ஒரு குண்டுகூட விழவில்லை. ரேடியோவில், தெரு ஒலிபெருக்கியில், எல்லைக்கு அப்பாலிருந்த ஜெர்மன்காரர்கள் காதிலும் விழும்படி ஸ்பீக்கர் வைத்து அந்தப் பக்கமும் சங்கீதம் போனது.

வாசிப்பு எப்படி இருந்தது? பிசிறில்லாமல் இருந்திருக்காது. சிலர் நடுவிலேயே தளர்ந்தார்கள். கடைசிப் பகுதியில் சத்தம் குறைவதைக் கவனித்த ஜனங்கள் தாங்களாகவே எழுந்து நின்றார்களாம். விட்டுவிடாதே என்று சொல்கிற மாதிரி. முடிந்ததும் கொஞ்ச நேரம் அசையாத மௌனம். அப்புறம் கைதட்டல். ஒரு சிறுமி மேடையேறி எலியாஸ்பெர்க்குக்குப் பூங்கொத்து கொடுத்தாள். புல்லைக்கூடப் பறித்துத் தின்றிருந்த ஊரில், யாரோ பூச்செடி வளர்த்திருக்கிறார்கள்!

இப்போது, மறக்க வேண்டாம் என்றேனே, அந்த விஷயம். ஏழாவது சிம்பொனியில் அணிவகுத்து வருகிற அந்தப் பேய் மெட்டு, ஹிட்லரின் படை என்று சோவியத் அரசு சொன்னது. ஸ்டாலின் பரிசும் கொடுத்தது. அதே அரசு 1948-ல் ஷோஸ்டகோவிச்சை மறுபடியும் மக்கள் விரோதச் சங்கீதக்காரர் என்று முத்திரை குத்தி, கல்லூரி வேலையைப் பிடுங்கியது. தாக்குதலை முன்நின்று நடத்தியவர் ஸ்டானோவ். முற்றுகையின்போது லெனின்கிராடில் கட்சித் தலைவராக இருந்த அதே ஆள்! 1979-ல் வோல்கோவ் என்பவர், ஷோஸ்டகோவிச் தன்னிடம் சொன்னதாக ஒரு புத்தகம் வெளியிட்டார். ஸ்டாலின் பாதி அழித்துவைத்த லெனின்கிராடைத்தான் ஹிட்லர் முடிக்க வந்தார், சிம்பொனி அந்த ஊரைப் பற்றியது என்றது அது. அந்தப் புத்தகம் எந்த அளவுக்கு நிஜம் என்ற சண்டை ஓயவில்லை. கேட்டு உறுதி செய்துகொள்ள ஷோஸ்டகோவிச் உயிரோடு இல்லை. அவர் இறந்தது 1975-ல். தேதி, ஆகஸ்ட் 9!

என்னைக் கேட்டால், அந்த டிரம் சத்தத்தில் இருவருடைய பூட்ஸும் கேட்கிறது. 1937-ல் கதவு தட்டும் ஓசைக்குப் பயந்து கிடந்த ஒருவர், 1941-ல் எழுதிய சத்தம் அது. இரண்டு பயத்தையும் அவர் தனித்தனி டிராயரில் வைத்திருக்க வாய்ப்பில்லை.

எலியாஸ்பெர்க் என்ன ஆனார்? 1944 ஜனவரி 27-ம் தேதி, 872 நாள் முற்றுகை முடிந்தது. சைபீரியாவிலிருந்து பில்ஹார்மோனிக் குழு கொழுகொழுவென்று ஊர் திரும்பியது. அதன் புகழ்பெற்ற கண்டக்டரும் திரும்பினார். ரேடியோ குழு மறுபடியும் இரண்டாம் நிலைக்குப் போனது. எலியாஸ்பெர்க் வெளியூர் வெளியூராகப் போய்க் கச்சேரி நடத்திப் பிழைத்தார். அந்த ஆகஸ்ட் இரவைப் பற்றி ஊர் ரொம்ப நாள் பேசவே இல்லை.

முற்றுகை நீங்கிய இருபதாம் ஆண்டு, 1964 ஜனவரி 27 அன்று, அதே அரங்கில் பழைய குழுவை மறுபடி கூட்டினார்கள். உயிரோடு தேடிப்பிடிக்க முடிந்தது இருபத்திரண்டு பேரை. ஷோஸ்டகோவிச் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அந்த இருபத்திரண்டு பேரும், தாங்கள் 1942-ல் உட்கார்ந்த அதே இடங்களைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். எலியாஸ்பெர்க் மேடையேறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோலை உயர்த்தினார்.